பிரதானி போட்ட முள்வேலி

வீரகஜேந்திர மகாராஜாவுக்குக் குதிரை என்றால் உயிர். கப்பலில் வந்த பன்னிரண்டு குதிரைகளை விட்டு மேய்க்க ஊருக்கு வெளியே புல்வெளி ஒதுக்கினார். என்ன வேலி போடலாம் என்று சபையில் கேட்டார். குதிரையைப் பற்றிக் கேட்டால் குதிரைக்காரனைத்தானே கேட்க வேண்டும்? குதிரைகளை மேய்க்கும் காசிம் ராவுத்தரை யாரும் கேட்கவில்லை.

"முள்வேலிதான் மகாராஜா! மாடு தாண்டாது, குதிரை மட்டும் தாண்டிவிடுமா?" என்றார் பிரதானி அம்பலவாணர். அவருடைய மைத்துனர் கொல்லையில் கருவேலம் மண்டிக் கிடந்தது. அரண்மனை ஆட்கள் வந்து வெட்டினார்கள். வேலியும் ஆயிற்று, கொல்லையும் சுத்தமாயிற்று.

பத்தாம் நாள் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுப் போட்டார்கள். பஞ்சகல்யாணிக் குதிரை மிரண்டு ஓடி முள்ளில் பாய்ந்தது. மார்பெல்லாம் கிழிந்துவிட்டது.

மகாராஜா கண் கலங்கிவிட்டார். "யார் செய்த தப்பு இது?"

"வேலியைக் குறை சொல்ல முடியாது மகாராஜா" என்று முந்திக்கொண்டார் பிரதானி. "முள் கண்ணுக்குத் தெரிகிறது. வாசலும் திறந்துதான் கிடந்தது. வேலியில் ஒன்று மாட்டிக்கொண்டால் அதை வைத்து மேய்க்கிறவன்தான் குற்றவாளி. இருபது கசையடி!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா. குதிரைக்கு இரண்டு ராத்திரி கண் விழித்து மருந்து போட்ட ராவுத்தர் தலை குனிந்து நின்றார். அறுபது வயது உடம்பு. இருபது அடியை எங்கே தாங்கும்!

சபையில் விகடம் பேசும் ஆதிமூலத்துக்கு இது பொறுக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பிரதானியார் தீர்ப்பில் குறையே இல்லை. அடிப்பதற்கு முன்னால் அந்த அருமையான வேலியை மகாராஜா ஒருமுறை பார்க்க வேண்டும்."

எல்லோரும் போனார்கள். மகாராஜா வெளியே பல்லக்கில் இருந்தார். பிரதானி உள்ளே நின்று பெருமையாக விளக்கினார்: "இதோ முள்! குருடனுக்குக்கூடத் தெரியும். புத்தியுள்ள எதுவும் இதில் போய்..."

அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு அதிர்வேட்டு வெடித்தது.

வாசல் வலப்பக்கம் திறந்தே இருந்தது. பிரதானி நேராகப் பாய்ந்தார். தலைப்பாகை ஒரு கிளையில், அங்கவஸ்திரம் ஒரு கிளையில், பிரதானி நடுவில்.

"ஐயோ! யாராவது எடுத்துவிடுங்கள்!"

"வேட்டு வைத்தது நான்தான் மகாராஜா" என்று கைகட்டி நின்றார் ஆதிமூலம். "ஆனால் திருவிழாவில் வேட்டு வைத்தவனுக்குத் தண்டனை இல்லை. வேலிமேலும் குற்றமில்லை. வேலியில் மாட்டியதை வைத்து மேய்க்கிறவருக்குத்தான் இருபது கசையடி. பிரதானியார் போட்ட சட்டம்."

"போட்ட சட்டம் போட்டதுதான்!" என்றார் மகாராஜா. "இந்தப் பிரதானியை வைத்து மேய்க்கிறவன் யார்? சொல்!"

ஆதிமூலம் மகாராஜாவைப் பார்த்தார். கசைக்காரனைப் பார்த்தார். மறுபடி மகாராஜாவைப் பார்த்தார்.

மகாராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பல்லக்கு ஆடும்படி சிரித்தார். "கசையைக் கொண்டுபோய்க் கொளுத்துங்கள்! ராவுத்தரே, என்ன வேலி போடலாம்? இப்போதாவது கேட்கிறேன்."

"இழைத்த மரச்சட்டம், மகாராஜா. மார்பு உயரம். வெள்ளை அடித்தால் மிரண்ட குதிரைக்கும் தெரியும். மோதினாலும் கிழிக்காது."

அப்படியே போட்டார்கள். ஆதிமூலத்துக்கு ஒரு குதிரை பரிசாகக் கிடைத்தது. பழைய முள் மொத்தமும் மைத்துனர் கொல்லைக்கே திரும்பிப் போனது. சுமந்துகொண்டு போனவர் பிரதானி.