பண்டாரத்தின் மணல் பெட்டி

சுனையடி மடத்துக்கு நன்றாக இருக்கிறவன் எவனும் படியேறி வந்ததில்லை. அடிபட்டவன் வருவான், ஏமாந்தவன் வருவான், ஏமாற்றிக் களைத்தவன் வருவான். மாட்டுத் தரகர் குழந்தைவேலு மூன்றாவது ரகம்.

சந்தையில் பல்லைப் பார்க்க வந்தவனை வாலைப் பார்க்க வைத்து மாட்டைத் தள்ளிவிடுகிற ஆள் அவர். நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்த பிறகு தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் தலைக்குள் சந்தை கூடியது. வாங்கினவன் கத்தினான், விற்றவன் கத்தினான், மாடு கத்தியது. மருந்துக் கடைக்காரன் கொடுத்த மாத்திரைக்கு அது அடங்கவில்லை. மந்திரத்துக்காவது அடங்கட்டும் என்று மலையேறி வந்தார்.

மடத்துக்குத் தலைவி ஒரு துறவி. சுனையடி அம்மா என்பார்கள். குழந்தைவேலுவின் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். அதைப் பார்த்ததும் தரகருக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. வந்ததற்குக் காலில் விழுந்து வைத்தார்.

"என்ன வேணும்?"

"உபதேசமுங்க. இந்தத் தலைக்குள்ள இருக்கிற சத்தம் அடங்கணும்."

"அடங்கினா என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேனுங்க."

அம்மா சிரிக்கவில்லை. சுவரோரம் கை காட்டினார். அங்கே ஒரு செவலைக் கடுவன் பூனை படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. மடத்துப் படிகளில் அது இறங்க முடியாது. அதனால் தாழ்வான மரப்பெட்டி ஒன்றில் ஆற்று மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். மலஜலம் போவதெல்லாம் அதில்தான். பூனைக்குப் பண்டாரம் என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதென்று சமையல்கட்டு நாச்சம்மா வைத்த பெயர்.

"அந்தப் பெட்டியைத் தினமும் சுத்தம் பண்ணுங்க" என்றார் அம்மா.

"எத்தனை நாளைக்குங்க?"

"பண்டாரம் போதும்னு சொல்ற வரைக்கும்."

"அதெங்கீங்க சொல்லும்! ஒரு கெடு வேணுமுங்களே."

"கெடு வேணுமா?"

"கெடு இல்லாம நான் ஒரு கன்னுக்குட்டியக்கூட விலை பேசினதில்லீங்க."

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு நீட்டினார். சந்தையில் அப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. நீட்டின பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

அம்மா துண்டுக்குள் கையை விட்டார்.

நாச்சம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. குழந்தைவேலு தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை. மறுபடியும் துண்டு அசைந்தது.

"கார்த்திகை தீபம்" என்றார் குழந்தைவேலு, மூச்சை விட்டு. "அன்னிக்கு உபதேசம். அதுவரைக்கும் தினமும் விடிஞ்சா பெட்டி சுத்தமா இருக்கணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"நீங்க மாறாதீங்க."

முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளினார். இரண்டாம் நாள் துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளினார். பிறகு மூக்கு பழகிவிட்டது. பழகினதும் தொழில்புத்தி வந்துவிட்டது. கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுச் சல்லடை மாதிரி செய்தார். ஈரம் பட்ட மணல் கட்டியாக மேலே தங்கும், உலர்ந்தது கீழே உதிரும். ஒரு வீச்சில் வேலை முடிந்தது. பழைய மணலை வெயிலில் காயவைத்தார். பெட்டியின் அடியில் வேப்பிலை பரப்பினார். விடிவதற்கு முன்னால் எழுந்து, பெட்டியைத் துடைத்து, மணலைக் கையால் மட்டம் தட்டி, ஒரு கோடுகூட இல்லாமல் வைத்துவிட்டுத்தான் பல் துலக்குவார்.

பண்டாரம் பக்கத்தில் வந்து உரசும். அதைப் புறங்காலால் ஒதுக்கிவிடுவார்.

"தள்ளுடா. இப்பத்தான் மட்டம் தட்டியிருக்கு."

"தரகரே, அது உங்களைக் கும்பிடுது" என்பாள் நாச்சம்மா.

"கும்புடறதெல்லாம் தூர நின்னு கும்புடச் சொல்லு அம்மிணி."

"உங்க மருமக வீட்டுல ஒரு டம்ளர் கழுவி வச்சிருப்பீங்களா இத்தனை வருஷத்துல?"

"மருமக உபதேசம் குடுக்கிறேன்னு சொன்னாளா?"

மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே பெட்டியைக் காட்டினார். மோந்து பாருங்கள் என்றார். இரண்டு பேர் உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லை என்றார்கள். குழந்தைவேலுவுக்குச் சந்தையில் நல்ல வியாபாரம் முடிந்த நாள் மாதிரி இருந்தது. ராத்திரி கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

கார்த்திகை தீபம் நெருங்கும்போது அம்மா ஒரு சாவுக்காகக் கீழூருக்குப் போனார். தீபத்துக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஏகாதசி. விடியற்காலை குழந்தைவேலு கொட்டாங்குச்சியோடு போனார். பெட்டியில் ஒன்றும் இல்லை. ஒரு கட்டி இல்லை, ஒரு ஈரம் இல்லை. நடுவில் பண்டாரம் புரண்ட தடம் மட்டும் இருந்தது. அவர் மணலை முழுக்க அரித்துப் பார்த்தார். முந்தின நாள் வைத்தது வைத்தபடி சுத்தம்.

நாச்சம்மாவிடம் போய்ச் சொன்னார். அவள் பால் கிண்ணத்தைக் காட்டினாள். ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"வாயே வைக்கலையா?"

"வைக்கலை. இன்னிக்கு என்ன நாள் தரகரே?"

"ஏகாதசி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட சிவனே" என்றாள் நாச்சம்மா. "பண்டாரம் விரதம்!"

மடத்தில் இந்த மாதிரி சேதிக்குக் கால் முளைக்க நேரமாகாது. மதியத்துக்குள் அடிவாரத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். சாப்பிடாத பூனை. மலம் ஜலம் இல்லாத பூனை. அதுவும் மணல் பெட்டிக்குள்ளேயே போய்க் குந்திக்கொண்டு கண்ணை இடுக்கி அசையாமல் இருந்தது. தவம் என்றார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பெண் பெட்டியின் விளிம்பில் சந்தனம் வைத்தாள்.

"உள்ள போனாத்தானே வெளிய வரும்? உண்ணாம இருந்தா உடம்பு இப்படித்தான் சுத்தமாகும்" என்று பென்ஷன் வாங்குகிற ஒருவர் விளக்கினார்.

"எல்லாம் தரகர் பெட்டியை வச்சிருக்கிற நேர்த்தி" என்றது இன்னொரு வாய். "இடம் சுத்தமா இருந்தா, இருக்கிறதுக்கும் புத்தி வந்துரும்."

குழந்தைவேலு மறுக்கவில்லை.

சாயங்காலம் பண்டாரம் பெட்டியிலிருந்து நொண்டிக்கொண்டு அவரிடம் வந்தது. கால் மேல் தலையை வைத்து ஒரு குரல் கொடுத்தது. அவர் குனியவில்லை. அது திரும்பப் போய்ப் பெட்டிக்குள் குந்திக்கொண்டு மணலைச் சீய்த்தது. மட்டம் தட்டின மணல். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டார்.

"ஒண்ணும் பண்றதில்லைன்னா அங்க என்ன வேலை? எந்திரி."

துவாதசியன்றும் பெட்டி சுத்தம். விரதம் முடிக்க வேண்டிய நாள் என்று நாச்சம்மா புதுப்பால் ஊற்றி வைத்தாள். அதையும் தொடவில்லை.

"நம்மளைவிடக் கறாரா இருக்குது" என்றாள். குரலில் முந்தின நாள் சிரிப்பு இல்லை. "தரகரே, கொஞ்சம் பாருங்களேன்."

"என்னத்தப் பாக்கிறது? பெட்டி சுத்தமா இருக்குது."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்துவிட்டார். பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் குழந்தைவேலு கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினார். சந்தனப் பொட்டோடு பெட்டி மின்னியது.

"யாரு சுத்தம் பண்ணினது?"

"அந்த வேலையே இல்லாமப் போச்சுங்க. ஏகாதசியிலிருந்து அது பெட்டியை அசிங்கம் பண்றதே இல்லை. நான் கும்புட்ட தெய்வம்..."

அம்மா கேட்டு முடிக்கவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பண்டாரம் அங்கே சுருண்டு கிடந்தது. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது.

"தரகரே, வாங்க. கை வைங்க."

"நானுங்களா?"

"வைங்க."

குழந்தைவேலு மண்டியிட்டு அதன் அடிவயிற்றில் கை வைத்தார். வைத்ததும் கை நின்றுவிட்டது. அங்கே எலுமிச்சங்காய் மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது.

"நீர் கட்டியிருச்சுங்க" என்றார். "அடைச்சுக்கிச்சு. பெட்டியில போயி முக்கியிருக்குது. அது தவமில்லீங்க, முக்கியிருக்குது."

"தொட்டதும் தெரிஞ்சிருச்சே."

குழந்தைவேலு எழுந்தார். துண்டை விரித்துப் பூனையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். நெஞ்சுவலிக்காரன் இப்படி இறங்கக் கூடாது என்று பின்னால் நாச்சம்மா கத்தினாள்.

அடிவாரத்துக் கால்நடை மருத்துவர் மெலிந்த மனிதர். குழாய் ஒன்றைச் செலுத்தி முயன்றபடியே கேட்டார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

சந்தையில் இந்தக் கேள்விக்குக் குழந்தைவேலு கண் சிமிட்டாமல் பொய் சொல்வார். கழிச்சல் கண்ட மாட்டைக் கொழுத்த மாடு என்று சத்தியம் செய்த வாய். அன்றைக்கு அந்த வாயில் பொய் வரவில்லை.

"ஏகாதசிக்கு முந்தின நாளுங்க."

"கூடவே யாரும் இல்லையா?"

"நான் இருந்தேனுங்க. தினமும் காலையில பெட்டியைப் பாத்தேனுங்க."

மருத்துவர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். மதியத்துக்கு முன்னால் பண்டாரம் துண்டுக்குள்ளேயே செத்துப்போனது. சாகும்போது துண்டு நனைந்தது. நனைந்த துண்டை அவர் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தீபத்தன்று மடம் முழுக்க அகல்விளக்கு. அடிவாரமே மேலே ஏறி வந்திருந்தது. குழந்தைவேலு மடத்து மாட்டுத் தொழுவத்தில், தான் படுக்கிற மூலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நாச்சம்மா வந்து நின்றாள். கேலி பேசவில்லை.

"அம்மா கூப்பிடறாங்க."

"எதுக்கு?"

"உபதேசத்துக்கு."

விளக்குகளுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பலகை போட்டிருந்தது. கூட்டம் வழிவிட்டது. குழந்தைவேலு பலகையைப் பார்த்தார், உட்காரவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க."

"துண்டுக்குள்ள பேசினது என்ன?"

"அது வேறங்க."

"வேற இல்லை. விடிஞ்சா பெட்டி சுத்தமா இருக்கணும், தீபத்தன்னிக்கு உபதேசம். பெட்டி ஒரு நாளும் அழுக்கா இல்லை. இன்னிக்கும் சுத்தமாத்தான் இருக்கு. உட்காருங்க."

"அம்மா, திட்டுங்களேன். நாலு பேர் முன்னாடி திட்டுங்க."

"திட்டினா நேராயிடுமா? உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கேட்க வேண்டியதைக் கேளுங்க" என்றார் அம்மா.

"தலைச் சத்தத்தைப் பத்திக் கேக்கலீங்க." என்றார் குழந்தைவேலு. "மாட்டுக் கொட்டத்துல ஒரு எருது ஒரு வேளை நீர் விடலைன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க. இருட்டுல சத்தத்தை வச்சே சொல்லிருவேன், இது சரியாப் போகுது, இது சரியாப் போகலைன்னு. சாணியைப் பாத்து வயசு சொல்லுவேன். அப்படிப்பட்டவன், காஞ்ச மணலைப் பாத்து எப்படிங்க சந்தோசப்பட்டேன்?"

அம்மா முன்னால் குனிந்தார். உபதேசம் சொல்வது போலவே தரகரின் வலது காதைக் கையால் மறைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். உதடு அசைவதைப் பார்த்ததும் கூட்டம் அரோகரா என்று கையெடுத்தது.

"அந்த எருதை நீங்க விக்கணும்ல, தரகரே."