வலதுபக்க இருக்கை

குமுதவல்லியிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் காலை டிபனை அளவோடு முடித்துக்கொண்டு போவது நல்லது. அவர் வாயால் பதில் சொன்னதாக விமானிகள் யாருக்கும் நினைவில்லை. எதைக் கேட்டாலும் நிஜ விமானம்போலவே ஆடும் பயிற்சிக் கூண்டான சிமுலேட்டருக்குள் உட்கார வைத்துவிடுவார். கான்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டவரைக்கூட ஒரு புயலில் ஆட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் நம்பினார்கள்.

ஒரு காது கேட்காமல் போனதால் பறக்கும் உரிமத்தை இழந்தவர் அவர். அதற்குப் பிறகு பயிற்சி மையத்தில் ஆசிரியர் வேலையே கதி என்று ஆகிவிட்டது. கோ-பைலட்டாக வலதுபக்க இருக்கையில் இருக்கிற எவரும் அவரிடம் குட்டு வாங்காமல் கேப்டன் ஆக முடியாது.

அன்று காலை வந்தவர் கேப்டன் பிலவேந்திரன். குமுதவல்லியைவிட வயதில் மூத்தவர். விமானக் கம்பெனியின் சீனியர்களில் ஒருவர், விமானிகள் சங்கத் தலைவர் வேறு. இருந்தாலும் அவரைக் கேப்டன் ஆக்கியது குமுதவல்லிதான். அதனால் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன கேப்டன், முகமே சரியில்லை. தூங்கலையா?"

"தூங்கி ரொம்ப நாளாச்சு மேடம்."

விஷயம் இதுதான். பல வருஷம் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்த பிறகு கம்பெனி சம்பள உயர்வுக்கு இறங்கி வந்தது. மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, சீனியருக்கு எவ்வளவு, ஜூனியருக்கு எவ்வளவு என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்தின் தலையில் கட்டிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான். கொடுத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், வாங்கப்போகிறவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றார்கள் கேப்டன்கள். பெரிய சம்பளத்தில் அது பெரிய தொகை. எல்லாருக்கும் ஒரே தொகை என்றார்கள் கோ-பைலட்டுகள். சின்னச் சம்பளத்தில் அதுதான் பெரிய உயர்வு. சங்கக் கமிட்டி சரிபாதியாக உடைந்து நின்றது. அன்று சாயங்காலம் கூட்டம். தலைவர் ஓட்டுப் போட்டால் முடிந்துவிடும்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார் குமுதவல்லி.

"சதவீதம்தான் மேடம். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. நாங்களும் ஒரு காலத்துல வலதுபக்கம் உட்கார்ந்து சீட்டைத் தேய்ச்சவங்கதானே? வரிசையில நின்னுதான் இந்தப் பக்கம் வந்தோம். அவங்களும் நிக்கட்டும்."

"சரி."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கேப்டன் சட்டையைத்தானே பிடிப்பாங்க?"

"ஆமா."

"அப்ப நான் சொல்றது நியாயம்தானே?"

"நியாயம்தான். பின்னே எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பிலவேந்திரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அதான் தெரியலை மேடம். நியாயம்னு புத்திக்குத் தெரியுது. மனசு அடங்க மாட்டேங்குது."

"ஜூனியர்ஸ் என்ன சொல்றாங்க?"

"மொதல்ல கத்தினாங்க. இப்ப ஒண்ணும் சொல்றதில்லை. காக்பிட்லகூட அமைதிதான். நேத்து மதுரைக்கு ஓட்டிட்டுப் போனேன். நஸ்ரின்னு ஒரு பொண்ணு, கோ-பைலட். அநாவசியமா ஒரு வார்த்தை இல்லை. ஒரு விதத்துல நல்லதுதான், நிம்மதியா இருந்துச்சு."

குமுதவல்லி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"உள்ளே வாங்க."

பிலவேந்திரன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இட்லியோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

சிமுலேட்டருக்குள் இடதுபக்கம் கேப்டனின் இருக்கை. பிலவேந்திரன் அதில் உட்கார்ந்து பட்டையை மாட்டினார். ஆசிரியர் பின்னால் மேசையில் உட்கார்ந்து மழையையும் காற்றையும் ஏவிவிடுவதுதான் வழக்கம். குமுதவல்லி மேசையில் ஏதேதோ தட்டிவிட்டு முன்னால் வந்து வலதுபக்கம் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் உங்க கோ-பைலட். சின்னப் பொண்ணு. போன வருஷம்தான் சேர்ந்தேன்."

"சரிம்மா" என்றார் பிலவேந்திரன் விளையாட்டாக. குமுதவல்லி சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே மேகம் விலகியது. கீழே மழை, தூரத்தில் ஓடுபாதையின் விளக்குகள். இறங்குமுன் சரிபார்க்கும் பட்டியலைக் குமுதவல்லி படித்தார். சக்கரம் இறங்கிவிட்டது என்றார். உயரங்களைச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"மழை கொஞ்சம் கூடுது, இல்ல?" என்றார் பிலவேந்திரன்.

பதில் இல்லை.

வேகம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அளவுக்குள்தான். காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளியது, அதுவும் அளவுக்குள்தான். ஓடுபாதை ஈரம், ஈரத்தில் இறங்காத விமானி உண்டா? விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது. இதோ தொட்டுவிடும், இதோ தொட்டுவிடும் என்று பிலவேந்திரன் அழுத்திப் பிடித்தார். தொட்டபோது மிச்சமிருந்த பாதை போதவில்லை. பிரேக்கை மிதித்தார். விளக்குகள் தீர்ந்தன, புல் வந்தது, ஒரு சுவர் வந்தது. சிமுலேட்டர் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு.

பிலவேந்திரன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் பயணிகள் யாரும் இல்லை என்பதை நினைவுபடுத்திக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேடம், நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"மிதந்துட்டே போறது தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது, கேப்டன்."

"பின்னே ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேனே. புத்தகத்துல இருக்கறதுல ஏதாவது விட்டேனா?"

பிலவேந்திரன் யோசித்தார். விடவில்லை. ஒன்றுகூட விடவில்லை.

"அளவு தாண்டினாத்தான் சொல்லணும்னு இருக்கு. எதுவும் தாண்டலை. மூணும் ஒண்ணா சேர்ந்துடுச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்லுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை. நான் வரிசையில நிக்கறவ. அநாவசியமா பேச மாட்டேன்."

பிலவேந்திரனுக்கு நஸ்ரின் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு முந்தின நாள் கூட வந்த பையனும் வந்தான். இந்த மாதம் முழுக்கத் தன் வலதுபக்கம் உட்கார்ந்த ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் பட்டியலைப் படித்தார்கள், உயரத்தைச் சொன்னார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். அதை அவர் நிம்மதி என்று நினைத்திருந்தார்! முட்டாள்தனம். அதைவிட மரியாதையான சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

"இன்னொரு தடவை போலாமா?" என்றார் குமுதவல்லி.

அதே மேகம், அதே மழை. இந்த முறை வலதுபக்கம் முணுமுணுப்பு ஓயவில்லை. காத்து பின்னால இருந்து வருது பாருங்க. முன்னாடி இறங்கினவங்க சறுக்குதுன்னு சொன்னாங்க. வேகம் குறையவே மாட்டேங்குதே. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஓட்டுவதுபோல் இருந்தது. விமானம் மிதக்கத் தொடங்கியதும் ஒரு சொல் வந்தது.

"கோ-அரவுண்ட்."

இறங்காதே, மேலே ஏறு, சுற்றிவந்து திரும்ப இறங்கு என்று அர்த்தம். பிலவேந்திரனின் வலது கை அவரைக் கேட்காமலே எஞ்சினின் நெம்புகோல்களை முன்னால் தள்ளியது. மூக்கு உயர்ந்தது. சக்கரம் மடங்கியது. ஓடுபாதையும் புல்லும் சுவரும் கீழே போயின. மேகத்துக்கு மேலே வெயில் வந்தபோது அவர் மூச்சை விட்டார். சிமுலேட்டர் வெயில்தான். ஆனாலும் என்ன இதமாக இருந்தது!

"ஏன் தள்ளினீங்க?" என்று கேட்டார் குமுதவல்லி.

"நீங்க சொன்னீங்க."

"நான் யாரு?"

"கோ-பைலட்."

"போன வருஷம் சேர்ந்தவ. என் சீனியாரிட்டி என்னன்னு பார்த்தீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்க மேடம் நேரம்? யார் சொன்னாலும் தள்ளணும். அப்புறம்தான் பேச்சு."

மேகங்கள் கீழே நகர்ந்துகொண்டிருந்தன.

"அப்போ எல்லாருக்கும் ஒரே தொகைங்கிறீங்களா?" என்றார் பிலவேந்திரன்.

"நான் சம்பளத்தைப் பத்தி ஒண்ணுமே பேசலையே."

"தொகையைக் கூட்டிக் கொடுத்தா அவங்க பேசுவாங்கல்ல?"

"பேச்சை விலைக்கு வாங்கப் போறீங்களா?"

பிலவேந்திரன் மெல்லச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன் மேடம், சதவீதம்னு. சீனியர்ஸ் எல்லாம் என்னை நம்பி உட்கார்ந்திருக்காங்க. கடைசி நேரத்துல மாத்தினா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"இப்ப மேலே ஏத்தினீங்களே. கடைசி நேரம்தான். கம்பெனியில யாராவது உங்களை ஏன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. கோ-அரவுண்ட் போனதுக்கு யாரையும் கேக்கக் கூடாதுங்கறதுதான் விதி."

"மூஞ்சி எங்க இருக்கு?"

பிலவேந்திரன் தன்னை அறியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது அவருக்கே தெரிந்தது.

"சரி மேடம், சாயங்காலம் ஓட்டெடுப்பு வேண்டாம்னுடறேன். ஆனா எப்படித்தான் பிரிக்கறது?"

"எனக்கு எப்படித் தெரியும்? வலதுபக்கம் இருக்கறவங்களைக் கேளுங்க. இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. கமிட்டியில் இடம் என்பதே சீனியாரிட்டிப்படிதான். கோ-பைலட்டுகளுக்காக வாதாடியவர்களும் இளகிய மனமுள்ள சில கேப்டன்களே. கோ-பைலட்டுகள் பின்வரிசையில் நின்றார்கள், கத்தினார்கள், ஓய்ந்தார்கள். உட்காரவைத்து, உனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பிலவேந்திரன் போனை எடுத்தார். நஸ்ரினை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். குமுதவல்லி கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நஸ்ரின், நான் பிலவேந்திரன் பேசறேன்மா. சம்பள விஷயம். நீ என் இடத்துல இருந்தா எப்படிப் பிரிப்பே?"

எதிர்முனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கேப்டன், நெஜமாத்தான் கேக்கறீங்களா?"

"நெஜமாத்தான் கேக்கறேன்."

"கேப்டன்களுக்குப் பொறுப்பு அதிகம். அதை நாங்க யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா வீட்டு வாடகை எங்களுக்கும் அதே அளவு ஏறியிருக்கு. அந்த அளவுக்கு மொதல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்துடுங்க. மிச்சத்தைச் சதவீதமா பிரிச்சுக்கோங்க. எங்க வாட்ஸ்அப்புல இதைத்தான் பேசிட்டிருக்கோம்."

இவ்வளவுதானா என்று இருந்தது பிலவேந்திரனுக்கு. ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டது இதற்கா?

"கூட்டத்துக்கு நீ வாம்மா. இதை நீயே சொல்லு. பின்வரிசை வேண்டாம், என் பக்கத்துல உட்காரு."

"சரி கேப்டன்." அவள் போனை வைக்கவில்லை. "கேப்டன், இன்னொண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"நேத்து மதுரை ஓடுபாதையில நாம கொஞ்சம் தள்ளித்தான் இறங்கினோம். காத்து பின்னால இருந்து வந்துச்சு. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. மன்னிச்சுடுங்க."

பிலவேந்திரன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று பின்னால் பயணிகள் இருந்தார்கள். விமானம் நிறைய இருந்தார்கள். எல்லாரும் இறங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறே?" என்றார். "இனிமே வாய்க்கு வந்தா சொல்லிடு."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமுதவல்லி அவர் தொப்பியை எடுத்துவந்து நீட்டினார்.

"அவ சொல்லிட்டா மேடம்."

"அப்ப ஓடுபாதை தெரிஞ்சாச்சு" என்றார் குமுதவல்லி. "இனி நீங்க இறக்கலாம், கேப்டன்."