நீலக் கேனுக்குப் பக்கத்தில்

“ரெண்டு படமும் தனித்தனியா இருக்கும்போது தெரியறது, சேர்த்ததும் காணாமப் போயிடுது மேடம்” என்றார் அறவாழி.

அறவாழிக்கு ஐம்பத்திரண்டு வயது. நில அளவை வேலையை விட்டுவிட்டு, படங்களை இணைக்கும் கணக்கைக் கற்க மெஹருன்னிசாவிடம் வந்தவர். மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு.

முந்தின நாள் கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்திருந்தது. அதில் போன மீனவர் சந்தியாகுவையும் அவர் தம்பி லூர்துவையும் காணவில்லை.

ட்ரோன் நானூறு இடங்களில், இடத்துக்கு இரண்டு படம் எடுத்து வந்திருந்தது. ஒன்று நிறத்தைக் காட்டும். மற்றது சூட்டைக் காட்டும்.

சூட்டுப் படத்தில் வெயிலில் காய்ந்த பாறையும் வெள்ளைப் புள்ளி, மனிதனும் வெள்ளைப் புள்ளி. நிறப் படத்தில் தலை எது, அலை எது என்றே தெரியவில்லை.

“எப்படிச் சேர்த்தீங்க?”

“ரெண்டையும் கூட்டி, பாதியாக்கினேன்.”

மெஹருன்னிசா ஒரு நிறப் படத்தை எடுத்தார். நகத்தளவு இடத்தை விட்டு மற்றதைக் கையால் மறைத்தார்.

“என்ன இருக்கு?”

“கடல் கொஞ்சம் கலங்கி, காத்து தெக்கேருந்து அடிக்கிறதால...”

“மூணே வார்த்தை.”

“அலை. நுரை. நிழல்.”

அதே இடத்தின் சூட்டுப் படத்தைக் காட்டினார்.

“இதுக்கு ஒண்ணே போதும் மேடம். சூடு.”

“இப்போ ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க.”

“அலை, நுரை, நிழல், சூடு.”

“எதைப் பாதியாக்கினீங்க?”

“எதையுமே பாதியாக்கல மேடம்!” என்ற அறவாழி கணினிக்கு ஓடினார்.

கோடு, வளைவு, புள்ளி என்று சின்னச் சின்ன வடிவங்களால் ஆன ஓர் அகராதி அவரிடம் இருந்தது. எல்லாப் படங்களையும் நகத்தளவாக நறுக்கினார். ஒவ்வொரு துண்டையும் அகராதியிலிருந்து மிகக் குறைந்த வடிவங்களால் எழுதினார். ஒரு படம் மட்டும் சொன்ன வடிவத்தைக் குறைக்காமல் சேர்த்தார். ஒரே வடிவத்தை இரண்டு படமும் சொன்னால், எது அழுத்திச் சொன்னதோ அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

இருநூற்றுப் பதினேழாவது இடத்தில் கை நின்றது. ஒரு நீலக் கேன். ஒரு வெள்ளைப் புள்ளி.

பின்னால் நின்றிருந்த கடலோரக் காவல் அதிகாரி குனிந்து பார்த்தார்.

“கேன் வெயில்ல காய்ஞ்சிருக்கும். என்கிட்ட இருக்கிறது ஒரே படகு. தப்பான இடத்துக்கு அனுப்பினா அவ்வளவுதான்.”

அறவாழி மெஹருன்னிசாவைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க சார். படத்தைப் பாருங்க.”

பார்த்தார். முகம் மாறியது.

“சூடு கேன்ல இல்ல சார். பக்கத்துல, தண்ணிக்குள்ள இருக்கு. அனுப்புங்க!”

வாசலில் காத்திருந்த சந்தியாகுவின் மனைவி ரெஜினாள் உள்ளே வந்து திரையைத் தொட்டாள்.

“எங்க கேன்தான் இது. அந்தச் செவப்புக் கயிறு நான் கட்டினது.”

படகு பாய்ந்தது.

நாற்பது நிமிடம் போனது. பிறகு வயர்லெஸ் அலறியது.

“ரெண்டு பேரும்! உசுரோட! தம்பி மயங்கிட்டான் போல, அண்ணன்காரர் அவனைத் தன் இடுப்போட சேர்த்துக் கட்டி வச்சிருக்காரு!”

அறையே ஆர்ப்பரித்தது. ரெஜினாள் அறவாழியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி குலுக்கினாள்.

அறவாழி திரும்பினார்.

“மேடம், படத்துல ஒரே புள்ளிதானே இருந்துச்சு?”

“ஆமா” என்றார் மெஹருன்னிசா. “ரெண்டு பேரையும் ஒரே புள்ளியாச் சேர்த்தது நீங்க இல்ல சார்.”