ஒரே ஒரு புதர்தானே!

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல்மேடு இருந்தது. அதன்மேல் பதினொரு புதர்கள். தாழம்புதரில் நல்லபாம்பு குடியிருந்தது. சங்கஞ்செடியின் முள்ளுக்குள் கௌதாரி தன் ஆறு குஞ்சுகளோடு இருந்தது. எருக்கம்புதரின் நிழலில் முயல் படுக்கை போட்டிருந்தது. மற்ற புதர்களில் ஓணானும் சில்லறை உயிர்களும் மாறி மாறித் தங்கின.

ஆள்காட்டிப் பறவைக்கு மட்டும் புதர் இல்லை. அது வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை. அதில் அதற்குப் பெருமை.

“எனக்கென்று ஓர் இலை கிடையாது! அதனால்தான் என் குரலுக்கு இந்த மேட்டில் மதிப்பு!” என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லும்.

குரல் பெரிய குரல்தான். முன்பு நரி வந்தபோது, இரண்டு நாள் அதன் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியே துரத்தியது. எருமை மந்தை மேட்டை மிதித்துக்கொண்டு தண்ணீருக்குப் போனபோது, குறுக்கே நின்று கத்தி வழியை மாற்ற வைத்தது. அப்போது குளம்பு பட்டு ஒரு கால் கொஞ்சம் கோணிப்போனது. அந்தக் காலை எல்லோரும் பார்க்கும்படி முன்னே வைத்துத்தான் நடக்கும்.

அந்த வருஷம் காற்றுக்காலம் தொடங்கியதும் கூழைக்கடாக்கள் வந்து இறங்கின.

கூழைக்கடா கனத்த பறவை. நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப அதனால் முடியாது. எதிர்காற்றில் இறக்கையை விரித்து, மணலில் தத்தித் தத்தி ஓடி, காற்று தூக்கிய பிறகுதான் பறக்கும். அப்படி ஓடுவதற்கு ஏற்ற சரிவு அந்தக் கரையில் இந்த மேடு ஒன்றுதான். காற்றைப் பிடித்து அலைக்கு மேலே சறுக்கிப் போவது அவற்றுக்கு இரை தேடலும் ஆயிற்று, விளையாட்டும் ஆயிற்று.

மூன்றாம் நாள் ஓர் இளம் கூழைக்கடா ஓடும்போது காற்று பக்கவாட்டில் திரும்பி அடித்தது. அது சங்கஞ்செடியில் போய் விழுந்தது. முள் இறக்கையைக் கிழித்தது. மணலில் ரத்தம் சொட்டியதை மேட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அது பொய்யில்லை.

மறுநாள் காலை கூழைக்கடாத் தலைவர் வந்தார். மூன்று காட்டுப்பன்றிகளையும் கையோடு கூட்டி வந்தார். தோண்டுவது பன்றிகளின் வேலை. அதற்குக் கூலி மீன்.

“பதினொரு புதரையும் பிடுங்குங்கள்! எங்கள் பிள்ளைகள் ஓட வழி வேண்டும்!” என்றார் தலைவர்.

ஆள்காட்டி மேட்டின் உச்சியில் போய் நின்றது. “எங்களைத் தாண்டித்தான் புதரைத் தொட முடியும்! யாரும் நகராதீர்கள்! அவரவர் புதருக்கு முன்னால் நில்லுங்கள்!”

முயல் நின்றது. கௌதாரி நின்றது. ஓணான்கூட நின்றது. பன்றிகள் சட்டை செய்யவில்லை. முதல் பன்றி தாழம்புதருக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து நல்லபாம்பு எழுந்து படமெடுத்தது. ஒரே ஒரு சீறல்! மூன்று பன்றிகளும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

அன்று மாலை மேட்டில் ஒரே கொண்டாட்டம்.

“பார்த்தீர்களா என் குரலை!” என்றது ஆள்காட்டி.

“உங்கள் குரலா அண்ணே, பாம்பின் படமா?” என்று முயல் சீண்டியது.

“படமெடுக்க அதை எழுப்பியது எது? என் குரல்தானே!”

எல்லாம் சிரித்தன. பாம்பு சிரிக்கவில்லை. அது புதருக்குள் இருந்தது. அதை வெளியே வா என்று யாரும் அழைக்கவும் இல்லை.

ஆள்காட்டியின் பெண்துணை நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பதினொன்றாவது புதர், முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டிப் புதர், யாரும் குடியிராதது.

“என்னங்க, இன்னும் ஐந்து நாளில் குஞ்சு பொரிந்துவிடும்” என்றது அது. “பொரிந்த அன்றே நம் குஞ்சுகள் ஓடத் தொடங்கும். மேலே பருந்து சுற்றுகிறது. ஓடி ஒளிய இந்தக் குட்டிப் புதர் ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது. இது நமக்கு வேண்டும் என்று எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.”

“ஊருக்காகப் போராடுகிறவன் சொந்தப் புதருக்காக வாய் திறந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? சும்மா இரு!” என்றது ஆள்காட்டி.

அடுத்த நாள் கூழைக்கடாத் தலைவர் தனியாக வந்தார். பன்றிகள் இல்லை. குரலில் அதட்டல் இல்லை.

“வணக்கம் தலைவரே!” என்றார்.

ஆள்காட்டி திரும்பிப் பார்த்தது. வேறு யாரும் அங்கே இல்லை. தன்னைத்தான் சொன்னார் என்று அதற்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. இத்தனை வருஷம் கத்தியும் அதை யாரும் அப்படி அழைத்ததில்லை. கோணிய காலை அது கொஞ்சம் முன்னே வைத்தது.

“எத்தனையோ கரை பார்த்தவன் நான். நேற்று கேட்டதுபோல ஒரு குரலைக் கேட்டதில்லை. உங்களோடு எங்களுக்கு என்ன பகை? அடிபட்டது ஒரு பிள்ளை. அதை நீங்களும் பார்த்தீர்கள். பதினொன்றும் வேண்டாம். ஒரே ஒரு புதர்தானே! அது எது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.”

ஆள்காட்டிக்கு நெஞ்சு நிறைந்தது. பதினொன்று கேட்டவர்கள் ஒன்றுக்கு இறங்கி வந்துவிட்டார்கள்! இது வெற்றி இல்லை என்றால் வேறு எது வெற்றி?

கூட்டம் கூடியது. “எந்தப் புதர்?” என்று கேட்டது ஆள்காட்டி.

 கௌதாரி முன்னே ஓடி வந்தது. இறக்கையைக் கிழித்தது அதன் சங்கஞ்செடி அல்லவா?

“அண்ணே, எனக்கு ஆறு குஞ்சு!” என்று அழுதது.

“உன் புதரை யார் கேட்டார்கள்?” என்றது முயல். “தாழம்புதர் இருக்கிறதே! போன வருஷம் உன் முட்டையைத் தின்றது யார்? மறந்துபோயிற்றா?”

“ஐயோ, மறப்பேனா!” என்றது கௌதாரி. ஓணான் தலையை ஆட்டியது. அது எதற்கும் தலையை ஆட்டும்.

ஆள்காட்டிக்கு உள்ளே ஏதோ இடித்தது. நேற்று எழுந்த அந்தப் படம் கண்முன் வந்தது. “பாம்பைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“கேட்டால் கொடுக்குமா?” என்றது முயல். “அது எந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறது?”

“வந்ததில்லைதான்” என்றது ஆள்காட்டி. கூடவே கூழைக்கடாத் தலைவர் தன்னிடம் பதிலுக்குக் காத்திருப்பதும் நினைவுக்கு வந்தது. கழுத்தை நிமிர்த்தியது. “பொதுநலம் கருதித் தாழம்புதரை விட்டுக்கொடுக்கிறோம்!”

“அண்ணன் வாழ்க!” என்றது முயல்.

எல்லோருமாகப் போய்ப் பாம்பிடம் சொன்னார்கள். அது தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டது.

“கூட்டத்துக்கு நான் வரவில்லை என்கிறீர்கள். யாராவது கூப்பிட்டீர்களா? பன்றி வந்த அன்று யாரும் கூப்பிடாமலே எழுந்தேன்.”

“நீ முட்டை தின்கிறவன்!” என்று கத்தியது கௌதாரி.

“தின்றேன். அதற்குத் தண்டனை என்றால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இது தண்டனை என்று உங்கள் தலைவர் சொல்லவில்லையே. பொதுநலம் என்றல்லவா சொன்னார்!”

ஆள்காட்டி வேறு பக்கம் பார்த்தது.  பாம்பு மணலில் நெளிந்து தெற்கே பனங்காட்டுப் பக்கம் போய்விட்டது. பன்றிகள் வந்து தாழம்புதரை வேரோடு கெல்லின.

இரண்டு நாள் கூழைக்கடாக்கள் அந்த இடைவெளியில் ஓடிப் பறந்தன. மூன்றாம் நாள் காற்று சற்றே திசை மாறியது. அந்த இடைவெளி எதிர்காற்றுக்கு நேராக இல்லாமல் போயிற்று. தலைவர் மறுபடி மேட்டுக்கு வந்தார். இந்த முறை ஆள்காட்டியிடம் வரவில்லை. புதர் புதராகப் போய், குனிந்து, மெல்லப் பேசினார். முயலிடம் பேசினார். கௌதாரியிடம் பேசினார். ஓணானிடமும் பேசினார்.

பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“சங்கஞ்செடியை முயல் கொடுத்துவிட்டது! எருக்கம்புதரைக் கௌதாரி கொடுத்துவிட்டது! இன்னும் ஏழு புதரைக் காட்டி ஓணானிடம் கேட்டேன். ஏழுக்கும் தலையாட்டிவிட்டது!”

மேடு அமளிப்பட்டது.

“என் வீட்டையா காட்டிக்கொடுத்தாய், நெட்டைக்காதா?” என்று கௌதாரி பாய்ந்தது.

“நீ மட்டும் யார் வீட்டைக் காட்டினாய், கொழுத்த தொந்தியே?” என்றது முயல்.

“என் புதரைத் தொடமாட்டேன் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்தார்!”

“எனக்கும் அதே வாக்கைத்தான் கொடுத்தார்!”

ஆள்காட்டி பறந்து வந்து கூழைக்கடாத் தலைவரின் முன்னால் நின்றது. “இது அநியாயம்! புதரில் குடியிருக்கிறவரைக் கேட்காமல் எப்படி எடுப்பீர்கள்?”

“இந்த மேட்டு வழக்கம்தானே தலைவரே!” என்றார் அவர் நிதானமாக. “குடியிருக்கிறவரைக் கேட்க வேண்டாம், மற்றவர்களைக் கேட்டால் போதும். நீங்கள்தானே காட்டிக் கொடுத்தீர்கள்! நாங்கள் வெளியூர்க்காரர்கள். உங்கள் வழக்கத்தை மீறலாமா?”

  நரியின் முன்னாலும் எருமையின் முன்னாலும் பின்வாங்காத ஆள்காட்டி அன்று இரண்டு அடி பின்வாங்கியது.

பன்றிகள் வந்தன. “சேர்ந்து நில்லுங்கள்!” என்று ஆள்காட்டி கத்தியது. யார் பக்கத்தில் யார் நிற்பது? முயலும் கௌதாரியும் இன்னும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. ஓணான் எப்போதோ ஓடிப்போயிருந்தது. பன்றிகள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படமெடுக்க இப்போது அங்கே ஆளில்லை என்று அவற்றுக்குத் தெரியும். ஒன்றன் பின் ஒன்றாக ஒன்பது புதரும் வேரைக் காட்டிக்கொண்டு விழுந்தன.

மிஞ்சியது அந்தக் குட்டிப் புதர்.

“இதில் யார் குடியிருக்கிறார்கள்?” என்று கேட்டார் தலைவர்.

“நாங்கள்!” என்றது ஆள்காட்டி. “இல்லை... எங்கள் குஞ்சுகள். இன்னும் பொரியவில்லை. நாளையோ மறுநாளோ பொரிந்துவிடும். ஐயா, இது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்!”

‘ஐயா’ என்ற சொல் அதன் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததே இல்லை.

“என்ன தலைவரே இது!” என்று சிரித்தார் அவர். “உங்களுக்கென்று ஓர் இலை கிடையாது என்று ஊரறியச் சொன்னது நீங்கள்தானே? உங்களைப் போன்றவர் சொல் மாறலாமா? ஒரே ஒரு புதர்தானே!”

ஒரு பன்றி மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. அவ்வளவு சின்னப் புதருக்கு இரண்டாவது தள்ளு தேவைப்படவில்லை.

மறுநாளின் மறுநாள் நான்கு குஞ்சுகளும் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் எழுந்து ஓடின. மணல் வெள்ளைவெளேர் என்று கிடந்தது. அதில் நான்கு புள்ளிகள் நகர்வது வானத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

பருந்தின் நிழல் மேட்டின்மேல் விழுந்தது.

“ஒளியுங்கள்! ஒளியுங்கள்!” என்று ஆள்காட்டி கத்தியது. அந்தக் கரை முழுக்கக் கேட்டது அந்தக் குரல். குஞ்சுகளுக்கும் கேட்டது. அவை இங்கே ஓடின, அங்கே ஓடின. ஒளியச் சொன்னால் போதுமா? ஒளிய இடம் வேண்டாமா?

ஆள்காட்டி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் விழுந்து இழுத்துக்கொண்டு போனது. என்னைப் பிடி என்று பருந்தை அழைத்தது. பருந்து ஏமாறவில்லை. உச்சிப் பொழுதுக்குள் இரண்டு குஞ்சுகள் போயின. பொழுது சாய்வதற்குள் மூன்றாவதும் போயிற்று.

மிஞ்சிய ஒன்றைத் தாய் தன் இறக்கைக்கு அடியில் இறுக்கி வைத்துக்கொண்டது. அது கணவனை ஏசவில்லை. அழவும் இல்லை.

“அந்தப் பாம்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னது.

 குடியிருக்கிறவரைக் கேட்காத அந்த வழக்கத்தை உண்டாக்கியது கூழைக்கடா இல்லை, பன்றி இல்லை, முயலும் இல்லை என்று ஆள்காட்டிக்குத் தெரிந்தது.

காற்றுக்காலம் நாற்பதே நாள். அது முடிந்ததும் கூழைக்கடாக்கள் வேறு கரை பார்த்துப் போய்விட்டன. மேடு மொட்டையாகவே கிடந்தது.

அடுத்தவன் குடியிருக்கும் இடத்தை அவனைக் கேளாமல் விட்டுக்கொடுப்பவன், தன் பிள்ளைகளின் இடத்தையும் அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறான்.