தும்பாவரம் மசாலா

புதுச்சேரியில் ஒரு மாடி பார். சனிக்கிழமை சாயங்காலமானால் அங்கே வினாடி வினா. நடத்துபவர் பேராசிரியர் தீனதயாளன். சினிமா, சாப்பாடு, பொது அறிவு என்று சுற்றுகள் முடிந்ததும் மைக்கில் முழங்குவார்: "எனக்குப் பதில் தெரியாத கேள்வி கேளுங்க, பிரியாணி அண்டா உங்களுக்கு! இல்லேன்னா எனக்கு!"

அவர் வாயில் 'தெரியாது' வந்ததே இல்லை. வாராவாரம் அண்டா அவர் காரில் ஏறிவிடும். ஆக்கிப் போட்ட பார் சமையல்காரன் லூர்துராஜுக்கு வாசனைதான் மிச்சம்.

அன்று லூர்துராஜே கரண்டியோடு மாடிக்கு வந்துவிட்டான். "சார், தும்பாவரம் மசாலாவுக்கு முதல்ல எதை வறுக்கணும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கசகசா! எங்க வீட்ல மூணு தலைமுறையா அப்படித்தான்."

"அப்படி ஒரு மசாலாவே கிடையாது சார். படியேறி வரும்போது நானே வச்ச பேரு."

பாரே மேஜையைத் தட்டிச் சிரித்தது.

"அப்போ சரியான பதில் என்னய்யா?" என்று சீறினார் பேராசிரியர்.

"'தெரியாது'தான் சார்."

அண்டா கைமாறியது. எல்லோருக்கும் பரிமாறிய லூர்துராஜ், அவருக்கும் ஒரு தட்டு நீட்டினான். "இதுல என்ன மசாலா, சொல்லுங்க சார்?"

ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். "தெரியலப்பா."

"இப்பத்தான் சார் சரியான பதில்!" என்று இன்னொரு கறித்துண்டை வைத்தான் லூர்துராஜ்.