இடது கதவு

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இந்த குருவுக்கு முப்பத்து நான்கு வயது. பெயர் ஜெஸிந்தா. பாளையங்கோட்டையில் தகரக்கூரை போட்ட ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். சிஷ்யர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

குற்றாலிங்கத்திடம் இருபத்திரண்டு வயதான ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் ரிப்பேருக்கெல்லாம் ஆள் வைத்துக் கூலி கொடுக்க அவருடைய பென்ஷனில் கட்டுப்படியாகவில்லை. “வேலையை நானே செய்யுதேன், எப்படின்னு மட்டும் சொல்லிக்கொடும்மா” என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெஸிந்தாவிடம் வந்து நின்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பாடம். டீச்சர் என்று முதலில் கேலிக்குக் கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

நடுவில் மூன்று மாதம் ஆள் தலைகாட்டவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“டீச்சர், மக கோமதி வண்டியை விக்கச் சொல்லுதா.”

“ஏன் சார்?”

“மூணு மாசமா ஒரு கடகட சத்தம். புதன்கிழமை கோமதி கைப்பிள்ளையோட கோயம்புத்தூர்ல இருந்து வாரா. இந்த ஓட்டை வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தா பிள்ளையை ஏத்த மாட்டாளாம். ஆட்டோவுல வந்துக்கிடுதேன், நீங்க அதை எடைக்குப் போடுங்கன்னு சொல்லுதா.”

“மூணு மாசமா நீங்க என்ன செஞ்சீங்க?”

குற்றாலிங்கம் நெளிந்தார். செல்போனில் வீடியோ பார்த்துத் தானே வைத்தியம் செய்திருந்தார். சைலன்சர் கிளாம்பை மாற்றினார். இன்ஜின் மவுண்ட்டை மாற்றினார். டேஷ்போர்டைக் கழற்றிப் பஞ்சு வைத்து அடைத்தார். சத்தம் அசைந்துகொடுக்கவில்லை.

“எங்கிட்ட வந்திருக்கலாம்லா?”

“மூணு வருஷம் படிச்சவன் இதைக்கூடக் கண்டுபிடிக்காட்டா என்ன சிஷ்யன்னு ஒரு வீம்பு, டீச்சர்.”

ஜெஸிந்தா சாவிக்குக் கையை நீட்டினாள். எந்த வண்டியில் சத்தம் என்று வந்தாலும், சொந்தக்காரரை ஸ்டீயரிங்கிலிருந்து எழுப்பி வேறு சீட்டில் உட்காரவைப்பது அவள் வழக்கம்.

“நான் ஓட்டுதேன். நீங்க இடது பக்கம் உக்காருங்க.”

“அது வடிவு சீட்லா” என்றார். வடிவு என்றால் சண்முகவடிவு, அவர் மனைவி. மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் போனவள் இன்னும் திரும்பவில்லை. புதன்கிழமைதான் அவளும் வருகிறாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியதும் பேச்சும் கிளம்பிவிட்டது.

“சீசன் வந்துட்டா குத்தாலம் போவோம் டீச்சர். ஈரத்துண்டை ஜன்னல்ல காயப்போட்டுக்கிட்டே திரும்புவோம். பின்னால மக தூங்கிரும். தென்காசியில ஆரம்பிச்ச பேச்சு வீட்டு வாசல் வர ஓயாது. அப்படி என்னதான் பேசுனோமோ!”

சொல்லும்போதே குரல் கம்மியது. அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும். அதை மறைக்கிற ஆளும் அல்ல.

ஊரைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. கடகட சத்தம் ஆரம்பித்தது. ஜெஸிந்தா இரண்டு பள்ளங்களில் வண்டியை வேண்டுமென்றே இறக்கி ஏற்றினாள்.

“சார், உங்க பக்கத்துக் கதவுப் பிடியைப் பிடிச்சு உள்பக்கமா இழுங்க.”

இழுத்தார். சத்தம் நின்றது.

“விடுங்க.”

விட்டார். சத்தம் வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே செய்து பார்த்தார்கள்.

ஜெஸிந்தா வண்டியை ஓரங்கட்டி இடது கதவைத் திறந்தாள். கதவு வந்து மாட்டுகிற கொக்கியைக் காட்டினாள். அதைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் பொட்டுக்கூட மிச்சம் இல்லை. இரும்பே தேய்ந்து பளபளத்தது.

“இது மூணு மாசத் தேய்மானம் இல்ல சார். பத்துப் பன்னிரண்டு வருஷமாவது இருக்கும்.”

“அப்போ இத்தனை நாளும் ஏன் சத்தம் கேக்கல?”

கதவின் உள்பக்கப் பிடியைத் தொட்டுக் காட்டினாள். வலது கதவின் பிடி சொரசொரப்பாக இருந்தது. இது வழவழவென்று இருந்தது.

குற்றாலிங்கம் அதைத் தடவிப் பார்த்தார்.

“வடிவு கோயம்புத்தூர் போகுத வரைக்கும் அவ இல்லாம நான் இந்த வண்டியில ஊரைத் தாண்டுனதே இல்ல டீச்சர். எப்பவும் இதைப் பிடிச்சுக்கிட்டேதான் வருவா. நான் ஓட்டுறதுல பயம்னு நெனச்சேன். கையை எடு, நான் என்ன மாட்டுவண்டியா ஓட்டுதேன்னு ஏசுவேன். நாலு பேர் முன்னாலகூட ஏசியிருக்கேன்.”

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்கள். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை அவரே வெட்டி, கொக்கியில் சுற்றி, திருகை இறுக்கினார். பத்து நிமிஷ வேலை, டீக்காசுகூடச் செலவில்லை. அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் போய்விட்டது. கார் பிழைத்தது. அவருக்கோ சந்தோஷம் வரவில்லை. இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“வடிவு, இடது கதவு எப்போ இருந்து ஆடுது?”

“அதா? கோமதி பன்னிரண்டாவது படிக்கையிலயே ஆரம்பிச்சிட்டு. ஏன், இப்போ என்ன?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்போ அவ காலேஜ் பீஸுக்கே அல்லாடிக்கிட்டு இருந்தோம். பொறவு, வண்டியில சின்னச் சத்தம் கேட்டாலும் உங்க மூஞ்சி சுருங்கிரும். வீடு வந்து சேருத வரைக்கும் வாயே திறக்க மாட்டீங்க. நீங்க பேசிக்கிட்டே வரணும்லா, அதான் பிடிச்சுக்கிட்டேன்.”

“நான் ஏசும்போதாவது சொல்லியிருக்கலாமே.”

“ஏசுனாலும் அது பேச்சுதானே. பிள்ளை அழுவுது, வைக்கட்டா?”

போன் அடங்கியது. குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோள்துண்டால் துடைத்துக்கொண்டு ஜெஸிந்தாவிடம் திரும்பினார்.

“டீச்சர், எனக்குத் தெரியாம இன்னும் என்னல்லாம் தேஞ்சு போயிருக்கு?”

ஜெஸிந்தா சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

“வண்டியில வேற ஒண்ணும் இல்ல சார். மத்ததை அவங்ககிட்டதான் கேக்கணும்.”