பதினோராவது ஆல்பம்

"ஆலிமா, இதைப் பிரிக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லிடுங்க."

மாணவியர் விடுதியில் மார்க்க வகுப்பு எடுக்கும் மெஹ்ருன்னிஸா ஆலிமாவின் முன்னால், முபஷ்ஷிரா ஒரு பெட்டியை வைத்தாள். கொரியப் பாட்டுக் குழுவின் ஆல்பம். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாள் இன்னும் கிழியவில்லை.

"இது எத்தனாவது?"

"பதினொண்ணு."

"பதினொண்ணும் வேற வேற பாட்டா?"

"எல்லாம் ஒரே ஆல்பம்தான் ஆலிமா."

"எதுல போட்டுக் கேப்ப?"

"சிடி போடுற மெஷின் இங்க யார்கிட்ட இருக்கு? பாட்டெல்லாம் போன்லயே இருக்கு."

ஆலிமா சிரித்துவிட்டார். முபஷ்ஷிராவும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு படம் இருக்கும். ஏழு பாடகர்களில் யாருடைய படம் என்பது பிரித்தால்தான் தெரியும். அவள் தேடியவன் பத்துப் பெட்டியிலும் வரவில்லை. இந்தப் பெட்டியை வாங்கிய பணம், தேர்வுக் கட்டணத்துக்காக அவளுடைய உம்மா அனுப்பியது. கட்டுவதற்கு நாளை கடைசி நாள். தாள் கிழியாமல் கொண்டுபோனால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவார்.

"பாட்டே கூடாதுன்னு சொல்லப் போறீங்களா?"

"நீ அதைக் கேக்க வரலையே. கொண்டுபோய்க் குடுத்துடேன்."

"இதுக்குள்ள அவர் இருந்துட்டா?"

"பத்தாவதை வாங்கும்போது என்ன சொன்ன?"

"இதுதான் கடைசின்னு."

"யார்கிட்ட?"

முபஷ்ஷிரா மேலே பார்த்தாள்.

ஆலிமா மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பிரி."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பிஸ்மில்லா சொல்லிட்டுப் பிரி."

'அல்லாஹ்வின் பெயரால்' என்று தொடங்கும் அந்தச் சொல் இல்லாமல் முபஷ்ஷிரா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பேனா மூடியைத் திறந்தாலும், வினாத்தாளைத் திருப்பினாலும் அது தானாக வரும்.

கத்தரிக்கோலின் நுனியைத் தாளின் ஓரத்தில் வைத்தாள். உதடு பிரிந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்ச வார்த்தைதானே," என்றார் ஆலிமா.

"வரமாட்டேங்குது."

"மறந்துபோச்சா? எழுதித் தரவா?"

"கிண்டல் பண்ணாதீங்க ஆலிமா."

கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். கண்ணைத் துடைத்து முக்காட்டைச் சரிசெய்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே சற்று நின்றாள்.

வலது காலை வெளியே எடுத்து வைத்தபோது, அவள் நினைக்காமலே, பிஸ்மில்லா வந்தது.